டிராக்டர் போகிற தோப்பில் காம்ஃப்ரே பிழைக்குமா?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தென்னந்தோப்பில் மூடாக்குக்காக, அதாவது இலையை வெட்டி மண்மேல் பரப்ப, காம்ஃப்ரே என்ற அகன்ற இலைச் செடியை நடப்போகிறாராம். அந்த வழியே ஆட்கள் நடப்பார்கள், தேங்காய் ஏற்ற எப்போதாவது டிராக்டரும் வரும், செடி தாங்குமா என்று.

கால்மிதிக்குப் பயப்பட வேண்டாம். இலை நசுங்கும், காம்பு ஒடியும், அப்புறம் தரையை ஒட்டி இருக்கிற குருத்திலிருந்து மறுபடி கிளம்பிவிடும். வேர் அறுந்தால் துண்டுகூடத் துளிர்க்கும். பலரும் விரும்பும் ‘போக்கிங் 14’ ரகத்தை வேர்த்துண்டு வைத்துத்தான் பெருக்குகிறார்கள்.

டிராக்டர் வேறு கதை. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம்தான். சிறு துளைகளில் தண்ணீர், பெரிய துளைகளில் காற்று. டயர் ஏறினால் முதலில் நசுங்குவது இந்தப் பெரிய துளைகள். வேரும் மூச்சுவிடுகிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மிச்சமிருக்கும் சிறு துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அதற்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட சுமார் 10,000 மடங்கு குறைவு! குழாய்ப் புட்டில் மாவை அழுத்தி அடைத்தால் ஆவி மேலே ஏறாது இல்லையா, அதேதான். மழை விட்டதும் தோப்பில் போய்ப் பாருங்கள், டயர்த் தடத்தில் செந்தண்ணீர் தேங்கி நிற்கும், ஒரு முழம் தள்ளி மண் எல்லாவற்றையும் குடித்திருக்கும்.

இதில் ‘எப்போதாவதுதானே’ என்பது ஆறுதலே இல்லை, ஏனென்றால் சேதத்தில் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. அதைவிட முக்கியம் எந்த மாதம் என்பது. ஐப்பசி, கார்த்திகையில் மண்துகள்களுக்கிடையே ஈரம் புகுந்து வழுக்கிக் கொடுப்பதால் அதே பாரம் ஆழமாக இறுக்கும். பங்குனியில் காய்ந்து இறுகிய செம்மண் பாரத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆழத்தில் இறுகியது பல வருடம் அப்படியே கிடக்கும். உரத்துக்குக் கொடுக்கிற கவனத்தில் கால்வாசியை மண்ணின் காற்றுக்கு நாம் கொடுத்ததில்லை என்பது என் பழைய வயிற்றெரிச்சல்.

எலும்பு ஒட்டும் என்று காம்ஃப்ரே இலையில் டீ போடச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். இதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப்பொருட்கள் கல்லீரலைக் கெடுக்கும். உள்ளுக்குச் சாப்பிடும் காம்ஃப்ரே பொருட்களை விலக்கிக்கொள்ளச் சொல்லி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-இலேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

சரி, எங்கே நடுவது? டிராக்டருக்கு ஒரே தடத்தை ஒதுக்கிவிடுங்கள், அது ஏற்கெனவே கெட்டது, கெட்டதிலேயே ஓடட்டும். காம்ஃப்ரே ஐரோப்பாவின் ஈரமான ஆற்றங்கரைச் செடி, நம் வெயிலுக்கு நிழலும் தண்ணீரும் கேட்கும். அதனால் தடத்திலிருந்து நாலடி தள்ளி, மர நிழலில், சொட்டுநீர் எட்டுகிற இடத்தில் வையுங்கள்.