வெயில் ஊரில் கார்வெட்: எந்த டாப்பை வாங்குவது?

செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து மாலையில்தான் ஷோரூமுக்கு வருகிறார்கள். ஏசி ஓடும் ஹாலில், விளக்கு வெளிச்சத்தில், உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் டிரான்ஸ்பரன்ட் டாப்பின், அதாவது வானம் தெரியும் கூரைப் பலகையின் அழகே தனி. அதே டாப்புக்குக் கீழே ஜூலை மாதம் மதியம் இரண்டு மணிக்கு துபாய் ஷேக் சாயித் சாலை நெரிசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, அதன்பிறகு முடிவெடுங்கள். வளைகுடாவில் வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கு நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்.

கார்வெட் கூப்பேயில் (இரண்டு கதவு, மூடிய கூரை மாடல்) தலைக்கு மேல் இருக்கும் பலகையை அப்படியே கழற்றி வைக்கலாம். இப்போதைய சி8 (எட்டாம் தலைமுறை) மாடலில் பாடி கலரில் பெயின்ட் அடித்த டாப், டிரான்ஸ்பரன்ட் டாப், இழை தெரியும் கார்பன் ஃபைபர் டாப் என்று கம்பெனியே தருகிறது. இரண்டு டாப் சேர்த்தும் வாங்கலாம். குளிர் நாட்டில் இது ரசனை சார்ந்த விஷயம். 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி செல்சியஸ் பதிவான குவைத் மித்ரிபா போன்ற இடங்கள் இருக்கும் பகுதியில், இது உடம்பையும் பணத்தையும் தொடும் விஷயம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் வெப்பம் விழுகிறது. டாப்பின் பரப்பை 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 600 வாட். கறுப்புச் சாயம் ஏற்றிய டிரான்ஸ்பரன்ட் டாப் இதில் பாதியைத் தடுத்தாலும், மிச்சம் 300 வாட் நேராக உங்கள் தலையிலும் தோளிலும் இறங்கும். ஏசி காற்றைத்தான் குளிர்விக்கும். தோலில் நேரடியாக விழும் வெயிலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முகத்தில் சில்லென்று காற்று அடிக்கும், உச்சந்தலை கொதிக்கும். ஏசியில் கோளாறு என்று கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏசி நன்றாகத்தான் இருக்கும்.

சாயம் அடர்த்தியாக இருந்தால் வெப்பம் குறையும் என்பதும் பாதி உண்மைதான். கண்ணுக்குத் தெரியும் ஒளி சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி. மற்ற பாதி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெறும் சாயம் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு அகச்சிவப்பில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடலாம். தடுத்த வெப்பமும் பலகையிலேயே தங்கி, தலைக்கு ஒரு சாண் மேலே தோசைக்கல்லாகக் காயும்.

இதற்கு மருந்தாகப் பலர் சன் ஃபிலிம் ஒட்டுகிறார்கள். கதவுக் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமை டாப்பில் ஒட்டாதீர்கள். இந்த டாப் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். சூடேறினால் அதிலிருந்து மெல்ல வாயு வெளியேறும். ஃபிலிமுக்குக் கீழே அது சிக்கிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பிறகு ஃபிலிமை உரித்தால் மேலே இருக்கும் கீறல் தடுப்புப் பூச்சும் சேர்ந்து போகலாம். பிளாஸ்டிக்குக்கென்றே தயாரித்த ஃபிலிம் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அடுத்தது விரிவடைதல். இதைத்தான் யாரும் கேட்பதில்லை, தொந்தரவு பெரும்பாலும் இங்கேதான். ஒரு மீட்டர் நீளப் பாலிகார்பனேட் 50 டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீள அலுமினியம் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கார்பன் ஃபைபர் அநேகமாக அசையாது. அலுமினியச் சட்டத்தில் உட்காரும் பிளாஸ்டிக் பலகை பகல் முழுக்க விரிந்து, இரவில் சுருங்குகிறது. வேகத்தடையில் ஏறும்போது கேட்கும் கிரீச் சத்தம் பெரும்பாலும் இந்த இழுபறிதான். மதியத்தில் டாப்பைப் பூட்டும் கொக்கியைத் திருப்ப முடியாமல் இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். வண்டியை நிழலில் விட்டு அரை மணி நேரம் கழித்துத் திருப்புங்கள். கொக்கியும் பூட்டு முளையும் வளைந்துபோனால், பிறகு எந்த டாப்பைப் போட்டாலும் சரியாக உட்காராது.

கார்பன் ஃபைபர் விரியாது என்பதால் அதுவே சிறந்தது என்று நினைக்க வேண்டாம். இழை தெரிய வேண்டும் என்பதால் மேலே பெயின்ட் இல்லை, கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு மட்டும்தான். கறுப்பு நிறம் வெயிலை அப்படியே உறிஞ்சும். வருடக்கணக்கில் திறந்தவெளியில் நிறுத்தினால் கிளியர் கோட் மஞ்சளடிக்கும், பிறகு பால்போல் மங்கும். மூடிய பார்க்கிங் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

தினமும் ஓட்டும் வண்டிக்கு நமது பரிந்துரை பாடி கலர் டாப், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறம். நடுப்பகல் வெயிலில் கறுப்புப் பரப்பு 80 டிகிரியைத் தொடும்போது வெள்ளை ஏறக்குறைய 20 டிகிரி குறைவாக இருக்கும். வெள்ளை வண்டிக்குக் கறுப்பு டாப் பார்க்க எடுப்புதான். அந்த எடுப்புக்கு விலை உங்கள் தலைதான் கொடுக்கும். பணம் இடம் கொடுத்தால் இரண்டு டாப்பும் வாங்குங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டிரான்ஸ்பரன்ட், மற்ற மாதங்களில் பெயின்ட் டாப். டிரான்ஸ்பரன்ட் டாப்பின் அருமை அந்தக் குளிர்காலத்தில்தான் தெரியும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சி6 (ஆறாம் தலைமுறை) கார்வெட்டில் 2005 முதல் 2007 வரையிலான மாடல்களில், பெயின்ட் அடித்த டாப் அதன் சட்டத்தை விட்டுப் பிரியக்கூடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பிரச்சினை ஒட்டும் பசையில். அதிக வெப்பமும் ஈரப்பதமும் அழுத்தமும் சேர்ந்தால் அது விட்டுவிடும். வெப்பமும் ஈரமும் என்றால் ஆகஸ்ட் மாத துபாயேதான். அமெரிக்க ஏலத்திலிருந்து வந்த வண்டிகள் இங்கே ஏராளம். அவற்றில் டாப் மாற்றப்பட்டதா என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து செவ்ரோலே டீலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கையாலும் சோதிக்கலாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து டாப்பின் உட்சட்டத்தை மேல்நோக்கி மெதுவாக அழுத்தட்டும். வெளியே நிற்பவர் ஓரம் முழுக்க விரல் நுனியை வைத்துத் தடவிக்கொண்டே வரட்டும். பசை விட்ட இடத்தில் சொடக்குப் போடுவதுபோல் 'டிக்' என்று சன்னமான சத்தம் வரும், மேல்பலகை தனியாக அசைவது விரலுக்குத் தெரியும். அப்படி ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் அந்த டாப்போடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கூரைக்கு மேல் காற்று மேல்நோக்கி இழுக்கும், பறந்துபோகும் பலகை பின்னால் வருபவர் கண்ணாடியில் போய் விழும்.

டிரான்ஸ்பரன்ட் டாப் என்றால் சாய்ந்த வெயிலில், ஓரங்களையும் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றியும் பாருங்கள். முடிபோல மெல்லிய கோடுகள் உள்ளுக்குள் மின்னினால் அது கீறல் அல்ல, விரிசலின் தொடக்கம். பாலிஷ் போட்டால் போகாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் இதற்கு ஒரு முக்கியக் காரணம். வெறும் சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

கடைசியாக ரப்பர் பீடிங், அதாவது டாப்பைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் மணலைத் துடைத்து, காயவிட்டு, ஒரு பக்கத்துக்குப் பட்டாணி அளவு சிலிகான் கிரீஸ் தடவி, மிச்சத்தை வழித்துவிடுங்கள். பிசுபிசுவென்று விட்டால் மணல் ஒட்டி ரப்பரை உப்புத்தாள்போல் அரிக்கும். வாசலின், எஞ்சின் கிரீஸ் இரண்டும் ரப்பரை ஊதவைக்கும். ஒரு துண்டுத் தாளை பீடிங்கில் வைத்து டாப்பை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. வெயில் காலத்தில் ஒழுக்கு யாருக்கும் தெரிவதில்லை, நவம்பர் மழையில் சீட் நனைந்த பிறகுதான் ஓடி வருகிறார்கள். ஆகவே அக்டோபரிலேயே, பிரஷர் வாஷர் இல்லாமல், தோட்டக் குழாயில் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பார்த்துவிடுங்கள்.