ஒலிவாங்கி நீட்டப்படும் முன்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத்தினருக்கும் ஊடகப் பயிற்சி அளித்துவரும் அனுபவத்தில் ஒன்றைக் கூற விரும்புகிறேன். சம்பளப் பிரச்சினையோ மண்சரிவோ ஏற்படும்போதுதான் ஊடகங்கள் மலையேறி வருகின்றன. அப்போது கிடைக்கும் இரண்டொரு நிமிடங்களுக்கு நாம் முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பதில்லை.

2024 செப்டெம்பரில் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னர், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் அம்மாவிடம், "நாளுக்கு எவ்வளவு கிடைக்கிறது?" என்று ஊடகவியலாளர் கேட்டார். "ஆயிரத்து முந்நூற்றைம்பது" என்று அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் நிர்ணயித்த கிலோ பறித்தால்தான் முழுப்பெயர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பெயர் (அரை நாள் சம்பளம்) என்பதையும், மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதையும் அவர் சொல்லாததால், பார்த்தவர்கள் மாதம் முழுவதும் அத்தொகை கிடைப்பதாகவே எண்ணியிருப்பார்கள். கேள்வி சுருக்கமாக இருந்தாலும் பதில் முழுமையாக இருக்கலாம். சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சென்ற மாதம் எத்தனை பெயர் விழுந்தது, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் உட்பட என்னென்ன கழிந்தது, கடைசியில் கைக்கு எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள். ஆவேசப் பேச்சைவிட அதற்கே வலு அதிகம்.

அனர்த்த வேளையில் இன்னும் நிதானம் வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கில் கூறப்பட்டு, பின்னர் பெருமளவு குறைந்தது. கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், எண்ணிக்கையை ஊகிக்காதீர்கள். பெற்றோரை இழந்த பிள்ளையைக் கெமராவின் முன் நிறுத்த எவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலேயே பதிலளிக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. தடுமாற்றம் இருந்தால் தமிழில் பேசி, மொழிபெயர்க்கக் கேட்பது உங்கள் உரிமை. நேரலையா, பதிவா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். துரையிடமிருந்து (தோட்ட முகாமையாளரிடமிருந்து) பழிவாங்கல் வருமென்று அஞ்சினால், பெயரும் முகமும் வெளியிடப்படாது என்ற உறுதியைப் பேசத் தொடங்கும் முன்னரே பெற வேண்டும். பேசி முடித்தபின் கேட்டால் அது ஊடகவியலாளரின் நல்லெண்ணத்தையே பொறுத்தது. தெரியாததைக் கேட்டால், "விசாரித்து நாளை காலை சொல்கிறேன்" என்று கூறி, சொன்னபடி அழையுங்கள்.

பத்திரிகையில் பிழையாக வெளிவந்தால் அன்றே ஆசிரியருக்கு எழுத்தில் அறிவியுங்கள். திருத்தம் வராவிட்டால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அதற்காக, பேட்டி எடுத்தவரின் பெயர், நிறுவனம், திகதி ஆகியவற்றை அவர் புறப்படும் முன்னரே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.