பேக்-ஆஃப்: தமிழில் 'பெருகு காத்திருப்பு'

ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்துச் செயலி ஒன்று பின்னணியில் படங்களைச் சர்வருக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. விடாமல் முயன்றால் பேட்டரிதான் தீரும். சற்றுப் பொறுத்து முயல வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் இரு மடங்கு பொறுக்க வேண்டும். இதைத்தான் எக்ஸ்போனென்ஷியல் பேக்-ஆஃப் என்கிறார்கள்.

'பேக் ஆஃப்' என்றால் ஆங்கிலப் பேச்சில் 'நெருக்காதே, விலகு'. இந்த எண்ணத்தின் வேர் ஹவாயில் இருக்கிறது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட் என்ற கணினி வலையமைப்பு தீவுகளை வானொலி அலையால் இணைத்தது. பலருக்கும் ஒரே அலைவரிசை என்பதால், இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு செய்தியும் கெட்டுவிடும். அப்போது அவரவர் தற்போக்கான (ரேண்டமான) ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புவார்கள். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் உருவான, கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட், மோதல் தொடரத் தொடரக் காத்திருப்பின் வரம்பை இரட்டிப்பாக்கியது.

ஆண்ட்ராய்டு செயலிகளின் பின்னணி வேலைகளை நடத்தும் வொர்க்மேனேஜர் என்ற நிரல் நூலகத்திலும் அதே கணக்குதான். மாற்றாமல் விட்டால் காத்திருப்பு 30 வினாடி, 60, 120 என்று ஏறும்; 5 மணி நேரத்துக்கு மேல் போகாது. 'இணைப்பு இருந்தால் மட்டும் ஓடு' என்று தனியாக நிபந்தனையும் வைக்கலாம். இணைப்பு அறுந்தால் வேலை நிறுத்தப்படும். திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும். எதுவரை ஏற்றினோம் என்பதைச் செயலிதான் குறித்துவைக்க வேண்டும். அப்படியானால் பேக்-ஆஃப் எதற்கு? சிக்னல் முழுதாகக் காட்டும்போதும் சர்வர் பதில் சொல்லாமல் போகலாமே! அது மீண்டதும் எல்லாப் போன்களும் ஒரே நொடியில் பாய்ந்தால் மறுபடி படுத்துவிடும். அதனால் காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் தற்போக்கும் கலப்பது நல்லது.

சரி, தமிழில்? 'பின்வாங்கல்' என்ற நேர்ப்பெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. வேட்பாளர் பின்வாங்கினார் என்றால் போட்டியை விட்டுவிட்டார் என்று பொருள். இங்கே செயலி வேலையை விடவில்லை, இடைவெளியைத்தான் நீட்டுகிறது. 'பெருகு காத்திருப்பு' என்ற வினைத்தொகை அதைச் சரியாகப் பிடிக்கிறது. வகைகளும் அதிலிருந்தே கிளைக்கும்: 30, 60, 90 என்று போகும் லீனியர் வகை 'சீர்ப்பெருகு காத்திருப்பு', எக்ஸ்போனென்ஷியல் வகை, பள்ளிக் கணக்குப் பாடத்தின் சொல்லை ஒட்டி, 'அடுக்குப் பெருகு காத்திருப்பு'.