தேதி தவறுவது தையலில் அல்ல

திருப்பூரில் ஷிப்மெண்ட் தள்ளிப்போனால் முதலில் திட்டு வாங்குவது தையல் பிரிவு. ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்பும்வரை பின்தொடரும் மெர்ச்சண்டைசராக நான் பார்த்தவரை, அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே நாள் போயிருக்கும்.

ஒரு டி-ஷர்ட் ஆர்டர் நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல் என ஆறு கை மாறுகிறது. பலதும் வெளி ஜாப் ஒர்க், அதாவது வெளிப் பட்டறைகளில் கூலிக்குச் செய்து வாங்குவது. ஒவ்வொருவரும் நூற்றுக்கு 95 தடவை சொன்ன தேதிக்குக் கொடுப்பவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறும் தவறாமல் நடக்க வாய்ப்பு 73.5 சதவீதம்தான். நாலில் ஒரு ஆர்டர் எங்காவது இடறும்.

அதிகம் இடறுவது சாயத்தில். லேப் டிப்பில் (சின்னத் துண்டில் சாயமேற்றிப் பார்க்கும் மாதிரியில்) ஓகே ஆன ஷேடு, மொத்தமாகச் சாயமேற்றும்போது அப்படியே வராது. பாடி துணி ஒரு ஷேடு, கழுத்து ரிப் இன்னொரு ஷேடு என்றால் மறுபடி சாயம். அவசரம் என்று கெஞ்சினாலும் உடனே கிடைக்காது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடவைத்தது. மறுபடி ஓட்ட வேண்டுமானால் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்பதே நிபந்தனை. அதனால் மெஷின் சும்மா நின்றாலும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பட்டறைக்கு ஒதுக்கிய தண்ணீருக்கு மேல் ஓட்ட முடியாது. தப்பில்லை, நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் பையருக்கு (சரக்கு வாங்கும் கம்பெனிக்கு) தேதி கொடுக்கிறோமே!

அடுத்தது லேபிளும் பார்கோடு ஸ்டிக்கரும். பையர் சொன்ன சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். அயர்னிங் முடிந்த சரக்கு ஒரு ஸ்டிக்கருக்காகக் காத்துக் கிடப்பது இங்கே சாதாரணம். நூலுக்கு ஆர்டர் போடும் அன்றே இதற்கும் போட்டுவிடுங்கள். சாயப்பட்டறையில் இடம் உறுதியான பிறகு தேதி சொல்லுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற தொழிலாளர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கப்பல் நம் கையில் இல்லை. 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. ஐரோப்பாவுக்குப் பத்து, பதினைந்து நாள் கூடியது. எஃப்.ஓ.பி. ஆர்டரில், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடியும் ஆர்டரில், அது நம் தாமதமாகாது. ஆனால் அடுத்த சீசனுக்குப் பையர் ஒப்படைப்புத் தேதியை முன்னால் இழுப்பார்.

தேதி தவறும் என்று தெரிந்த அன்றே மெயில் போடுங்கள். மூன்று வாரம் முன்பு சொன்னால், பாதியைக் கப்பலில் அனுப்பவாவது பேசிப் பார்க்கலாம். கட் ஆஃப் அன்று, அதாவது கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாளில், சொன்னால் மொத்தமும் விமானத்தில் போகும், நம் செலவில்.