ஷாபா: செம்பின் பெயரில் ஒரு மாகாணம்

1970கள், 80களில் அச்சான ஆப்பிரிக்க வரைபடங்களில் கட்டாங்காவைத் தேடினால் கிடைக்காது. காங்கோவின் தென்கிழக்கில் அந்த இடத்தில் ஷாபா என்று இருக்கும். 1971-ல் காங்கோவின் அதிபர் மொபுட்டு நாட்டின் பெயரை ஜயர் என்று மாற்றினார். அதையொட்டி கட்டாங்காவும் ஷாபா ஆனது. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் ஷாபா என்றால் செம்பு.

காரணம் அரசியல்தான். 1960 ஜூலை 11 அன்று அந்த மாகாணத்தின் தலைவர் மொய்சே சோம்பே கட்டாங்காவைத் தனிநாடாக அறிவித்தார். 1963 ஜனவரியில் ஐ.நா. படைகள் அதை முடிவுக்குக் கொண்டுவந்தன. பிரிவினையை நினைவூட்டும் பெயர் மொபுட்டுக்கு ஆகவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக அவர் எடுத்த சொல்லிலும் அந்த மண்ணின் வரலாறு இருந்தது. சோம்பேயின் கொடியிலேயே மூன்று செம்புச் சிலுவைகள் உண்டு.

அந்தச் சிலுவைகளுக்கும் கிறிஸ்தவத்துக்கும் தொடர்பில்லை. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே வார்க்கப்பட்ட செம்புக் கட்டிகள் அவை, பணமாகவும் புழங்கின. கட்டாங்காவிலுள்ள உபெம்பா பள்ளத்தாக்கின் பழங்காலக் கல்லறைகளில் இறந்தவர்களின் உடலோடு வைக்கப்பட்டவை கிடைத்திருக்கின்றன.

செம்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தாவரங்களே உதவின. மண்ணில் செம்பு மிகுந்தால் மரங்களின் வேர்களுக்கு அது நஞ்சு. அதனால் காட்டுக்கு நடுவே சில குன்றுகள் மட்டும் மரமின்றிக் கிடக்கும். செம்பைத் தாங்கும் சிறு செடிகளும் புற்களுமே அங்கே வளரும். அத்தகைய இடங்களில் தோண்டினால் பச்சை நிற மாலகைட் கல் அகப்படும். அதைக் கரியோடு சேர்த்துக் களிமண் உலையிலிட்டு, துருத்தியால் ஊதுவார்கள். சூடேறும்போது கல்லிலுள்ள நீரும் கரியமில வாயுவும் வெளியேறி, செம்பு ஆக்சைடு மிஞ்சுகிறது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அதன் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, தூய செம்பு பிரிகிறது. சுமார் 1,085 டிகிரி செல்சியஸில் அது உருகி ஓடும். அச்சில் ஊற்றினால் சிலுவை. நவீன வேதியியல் பெயர் வைப்பதற்கு முன்பே இந்த வினையைக் கைப்பழக்கத்தால் வசப்படுத்திய உலைக்காரர்களை நான் பெரிய தொழில்நுட்பர்கள் என்றே சொல்வேன்.

சுவாஹிலிச் சொல் இங்கே வேரூன்றியதற்குக் கிழக்குக் கடற்கரையோடு நடந்த வணிகம் ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாதையில் வந்த ம்சிரி என்ற வணிகர், புங்கேயாவைத் தலைநகராக்கி, செம்பும் தந்தமும் விற்று ஒரு பேரரசையே எழுப்பினார். 1891-ல் பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்காக வந்த படையினர் அவரைக் கொன்றனர்.

1997-ல் மொபுட்டு வீழ்ந்ததும் கட்டாங்கா என்ற பெயர் திரும்பியது. 2015-ல் அந்த மாகாணம் நான்காகப் பிரிக்கப்பட்டது. ஷாபா என்ற பெயர், 1977, 1978 ஆண்டுகளில் அங்கே நடந்த ஷாபா போர்களைப் பற்றிய வரலாற்று நூல்களில் நிலைத்திருக்கிறது.