மூணாம் மாசம் கொண்டுவந்து விட்ட பிறகு

எங்கள் சேலம் பக்கத்தில் முதல் பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து போகிற பெண், குழந்தையோடு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்புவாள். தொட்டில், அரைஞாண், கொலுசு, பாத்திரம் என்று சீரோடு கொண்டுவந்து விடுவார்கள். மனநல மருத்துவராக நான் பார்க்கும் இளம் தாய்மார்களில் நிறையப் பேர் இப்படித் திரும்பி வந்த சில வாரங்களில் மனச்சோர்வோடு என்னிடம் வருகிறவர்கள்.

"அங்க இருந்து வர்றப்பவே இப்படித்தான் இருந்தா டாக்டர்" என்பார் மாமியார். "எங்க வீட்டுல இருந்தவரைக்கும் ஒண்ணுமில்லைங்க" என்பார் அம்மா. இரண்டு பேரும் பழியை மாற்றி மாற்றிப் போடுவது போலத் தோன்றும். அந்தப் பேச்சை நான் வளர விடுவதில்லை. அவளைத் தாங்கிக்கொண்டிருந்த கைகள் ஒரே நாளில் குறைந்துவிட்டன, எனக்கு முக்கியமான தகவல் அதுதான்.

தாய்வீட்டில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். பத்தியச் சாப்பாடு, லேகியம், வெந்நீர்க் குளியல் எல்லாம் கிடைத்தது. (பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும்.) எல்லாவற்றையும் விட, தூக்கம் கிடைத்தது. ராத்திரி குழந்தை சிணுங்கினால் அம்மா தூக்கிக்கொள்வார், பாட்டி மடியில் போட்டுத் தட்டுவார், பால் கொடுக்க மட்டும் இவளை எழுப்புவார்கள். "பச்சை உடம்பு, படுத்துக்கோ கண்ணு" என்று சொல்ல ஆள் இருந்தது. புகுந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. குகையிலோ அம்மாப்பேட்டையிலோ தறி ஓடும் வீடு என்றால் விடிந்ததும் தார் சுற்ற ஆள் வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் என்றால் வீட்டுக்கு வரும் கொலுசு வேலை காத்திருக்கும். கணவர் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவராக இருந்தால் வாரக்கணக்கில் வெளியூர். ராத்திரி முழுக்கக் குழந்தை, பகல் முழுக்க வேலை. இப்படி ஒரு மாதம் தூங்காமல் இருந்தால் எந்த மனசும் தளரும்.

அரசுக் கவனிப்பு குறைவதும் ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான். கர்ப்பகாலம் முழுக்க எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஸ்கேன் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறோம். பிரசவத்துக்குப் பிந்தைய காலம் என்று மருத்துவத்தில் கணக்கு வைப்பது 42 நாள். அதற்கு அப்புறம் தராசில் ஏறுவது குழந்தை மட்டும். ஊர் மாறியதால் அவளை ஐந்தாறு மாதமாக அறிந்த கிராம சுகாதார செவிலியரும் மாறிவிடுகிறார். மனச்சோர்வோ குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. "மசக்கை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. பிரசவம் ஆனதும் உடம்பில் ஹார்மோன்கள் சடாரென்று இறங்குகின்றன, தூக்கமும் இல்லை, அதனால் வருவது. ஆறுதலாக இருந்து ஓய்வு கொடுத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தாலோ, சரியாகிப் பிறகு மறுபடி வந்தாலோ அது வேறு. அதற்குச் சிகிச்சை வேண்டும்.

இது நகரத்துப் பெண்களுக்கு வருவது, நம் ஊரில் சொந்தபந்தம் இருப்பதால் வராது என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் கிராமத்துப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 100-க்கு 11 பேர். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, 100-க்கு 22 பேர் என்கிறது. கணியம்பாடியில் மனச்சோர்வோடு சேர்ந்து காணப்பட்டவை எவை தெரியுமா? குறைந்த வருமானம், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரம், கூடமாட வேலை செய்ய ஆள் இல்லாமை, அப்புறம் பையனை எதிர்பார்த்திருந்தபோது பெண் பிறந்தது.

கடைசியாகச் சொன்னதைச் சேலத்துக்காரர்கள் லேசாகக் கடந்துபோக முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான். ஏன் இங்கே தொடங்க வேண்டியிருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இன்று எத்தனையோ வீடுகளில் பெண் குழந்தையைக் கொண்டாடுகிறார்கள், நானே பார்க்கிறேன். ஆனால் இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் பிரசவ வார்டிலேயே முகங்கள் சுருங்குகின்றன. தையல் வலி ஆறாமல் படுத்திருப்பவள் காதில் விழும்படி, "பரவால்ல விடு, அடுத்தது பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வரும் குரோமோசோம். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்த மகனும் அந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை. அவர் திறக்க வேண்டும். "எம் பொண்ணு, எனக்கு சந்தோஷம்" என்று நாலு பேர் முன்னால் கணவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கும் பலம் என் மாத்திரைகளுக்கு இல்லை.

வருகிறவர்கள் "மனசு சரியில்லை" என்று ஆரம்பிப்பது அபூர்வம். தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, பால் பற்றவில்லை என்றுதான் சொல்வார்கள். "குழந்தைக்கு என்னைப் பிடிக்கலைங்க, நான் தூக்கினா மட்டும் அழுவுது" என்று சொன்ன பெண்கள் உண்டு. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, பிடித்த சாப்பாடு ருசிக்காதது, யாரிடமும் பேசப் பிடிக்காதது, "இந்தக் குழந்தைக்கு நான் லாயக்கில்லை" என்ற எண்ணம், இவை இரண்டு வாரம் தொடர்ந்தால் காத்திருக்காதீர்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி காட்டும். அதனால் ரத்தப் பரிசோதனையும் சேர்த்தே செய்வோம்.

இன்னொரு விஷயம், தாய்மார்கள் உயிரே போனாலும் வெளியே சொல்லாதது. ஒரு பெண் வந்தார், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். காய் நறுக்க மாட்டேன் என்கிறாள், அரிவாள்மனையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள், சோம்பேறித்தனம் என்று வீட்டில் புகார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோது, அரிவாள்மனையைப் பார்த்தாலே குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வெட்டி வெட்டி வருகிறது என்றார். சொல்லும்போதே கை நடுங்கியது. தான் ஒரு ராட்சசி என்று அவரே முடிவு செய்திருந்தார். இப்படி விரும்பாத எண்ணங்கள் புதுத் தாய்மார்களுக்கு வருவது சகஜம், வெளியே சொல்பவர்கள்தான் குறைவு. இங்கே அந்த எண்ணத்தைக் கண்டு அவரே பதறுகிறார், குழந்தையைக் காப்பாற்ற அரிவாள்மனையை ஒளிக்கிறார். இது மனப்பதற்றத்தில், எண்ணச்சுழல் நோயில் (ஓசிடி) வருவது, சிகிச்சையில் நன்றாகக் குறையும். நான் இதைச் சொன்னதும் அவர் அழுத அழுகை வேறு மாதிரியானது. இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி எண்ணம் வந்துகொண்டிருந்தால், தயவுசெய்து ஒரு டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களைக் கெட்டவள் என்று நாங்கள் நினைக்க மாட்டோம்.

அவசரமாக ஓடிவர வேண்டிய நிலை ஒன்று உண்டு, பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனநோய். 1000 பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். இரண்டு மூன்று ராத்திரி கண்ணே மூடாமல் இருப்பாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், சாப்பாட்டில் விஷம் என்பாள், குழந்தை தன் குழந்தையே இல்லை என்பாள், யாருக்கும் கேட்காத குரல் அவளுக்குக் கேட்கும். காத்துக் கருப்பு என்று கயிறு மந்திரிக்கக் கிளம்புவார்கள். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் யாரையும் சொன்னதில்லை, வேண்டுதல் இருக்கட்டும். ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். அதுவரை தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். நேரத்துக்கு வந்தால் பெரும்பாலானவர்கள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். அட்மிட் செய்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்தே தனி வார்டு 2009 முதல் இயங்குகிறது.

மாத்திரை பற்றி. கர்ப்பம் என்று தெரிந்ததும் மனநோய் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, நான்கைந்து மாதத்தில் மோசமான நிலையில் வருகிறவர்களைப் பார்ப்பது வேதனை. சில மருந்துகளைக் கட்டாயம் மாற்ற வேண்டும், வால்ப்ரோயேட் அப்படிப்பட்டது. அதைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்க வேண்டும். பால் கொடுக்கும்போது கொடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. லேசான சோர்வு என்றால் பேச்சு வழிச் சிகிச்சையும் வீட்டாரின் ஒத்தாசையும் போதும், மாத்திரையே தேவைப்படாது.

வீட்டார் என்ன செய்யலாம்? கொண்டுவந்து விடும் நாளைக் குறிக்க நல்ல நேரம் பார்க்கும்போது, ராத்திரி குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் பேசி முடியுங்கள். தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் அவள் தூங்க ஒரு வழி வேண்டும். பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுத்தால் இரண்டு மணி வரை கணவரோ மாமியாரோ பார்த்துக்கொள்ளலாம், நடுவில் பசித்தால் பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் ஊட்டலாம். மாமியார்மாரிடம் நான் அன்போடு கேட்டுக்கொள்வது, "நாங்க எல்லாம் அஞ்சு பெத்தோம்" என்பதைக் கொஞ்ச நாள் சொல்லாதீர்கள் என்பதுதான். தனியாக இருக்கும்போது நிறையப் பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், அந்த அஞ்சு பிரசவத்தில் தாங்களும் எவ்வளவு அழுதோம் என்று. அந்தக் கதையை மருமகளிடம் சொல்லுங்கள் அம்மா.

சாவு பற்றி அவள் பேசினால், "வாயில நல்ல வார்த்தையே வராதா" என்று அடக்காதீர்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஒரு இடம் கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே கூட்டி வாருங்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

செவிலியர் தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதன்கிழமை தடுப்பூசிக்கு 6, 10, 14 வாரங்களிலும் ஒன்பது மாதத்திலும் தாய் எப்படியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் இரண்டு கேள்வி போதும். போன ஒரு மாதமாக மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் இப்போது நாட்டம் இல்லையா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், பிரசவகால மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாத்தாளை எடுங்கள். 1987-ல் வெளியான பத்துக் கேள்விகள், தமிழிலும் இருக்கிறது, பத்து நிமிடம்கூட ஆகாது. மாமியார் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதற்கு ஆமாம் என்றால் அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஏற்காடு மலையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிரமம் அதிகம். காபிப் பழம் எடுக்கும் பருவத்தில் கூலியை விட முடியாது, பச்சைக் குழந்தையோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் வாந்தியும் மயக்கமும்தான் மிச்சம். அதனால் முதல் தடவை மட்டும் நேரில் பார்த்துவிட்டு, பிறகு முடிந்தவரை போனிலேயே பேசிக்கொள்கிறேன். அரசு மருத்துவமனையே வசதி என்பவர்கள் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வரலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள், உங்களுக்குப் பக்கத்தில் எந்த நாள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் கர்ப்பகாலக் கையேட்டையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம், கூடவே கூட்டி வாருங்கள், நடுவில் பால் கொடுக்க வேண்டியிருக்கும்.