டெஸ்க்டாப்: பெட்டியா, பணிமேடையா?

வண்ணாரப்பேட்டை கம்ப்யூட்டர் கடையில் போய் "டெஸ்க்டாப் வேணும்" என்றால், லேப்டாப் இல்லாத பெட்டி வகையைக் காட்டுவார்கள். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பழகியவர் "டெஸ்க்டாப் போட்டாச்சா?" என்று கேட்டால் விஷயமே வேறு. அவர் கேட்பது, திரையில் ஐகானும் ஜன்னல்களும் கீழே ஒரு பட்டையுமாக விரியும் வேலையிடத்தை.

டெஸ்க் என்பது இடைக்கால லத்தீனின் 'டெஸ்கா'. அதற்கு மூலம் 'டிஸ்கஸ்', அதாவது வட்டு. டிஸ்க், டிஷ் இரண்டும் இதற்குப் பங்காளிகள்தான். திரையை எழுதுமேசையாகக் காட்டும் எண்ணம் 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வளர்ந்து, 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினியாக விற்பனைக்கு வந்தது. சௌகார்பேட்டைக் கணக்குப்பிள்ளையின் சாய்வுமேசை மாதிரி: பேரேடு, ரசீது, பேனா எல்லாம் கைக்கெட்டும்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 1993 முதல் இருக்கிறது, சர்வருக்கு (மற்ற கணினிகளுக்குச் சேவை தரும் கணினிக்கு) பேர்போனது. வழக்கமாக நிறுவி முடித்தால் கறுப்புத் திரையில் 'லாகின்' என்று கேட்டுவிட்டு நிற்கும். மானிட்டரே இல்லாமல் எங்கோ ஓடும் சர்வருக்கு அது போதும். வீட்டில் படம் பார்க்க, கடிதம் அடிக்கப் போதுமா? திரையில் ஜன்னல்களை வரைய எக்ஸ்ஆர்க், கிராஃபிக்ஸ் டிரைவர், அப்புறம் ஐகானும் பட்டையும் தரும் கேடிஇ அல்லது மேட்டே, நிரல்கள் ஒன்றோடொன்று பேச டிபஸ் சேவை என்று ஒவ்வொன்றாக நாமே போட வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த அனுமதி தரும் 'வீடியோ' குழுவில் பயனரைச் சேர்க்க மறந்தால், எல்லாம் சரியாக இருந்தும் ஜன்னல்கள் இழுத்து இழுத்து நகரும். இந்தத் தொல்லையைக் குறைக்கவே 2005இல் கிரிஸ் மூர் என்ற நிரலாளர், டெஸ்க்டாப்பையும் சேர்த்தே தரும் பிசி-பிஎஸ்டியைத் தொடங்கினார். பின்னாளில் அது ட்ரூஓஎஸ் என்று பெயர் மாறி, நின்றும் போனது. கோஸ்ட்பிஎஸ்டி அதே வேலையைத் தொடர்கிறது. இரண்டிலும் அடியில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டிதான். மேசை மட்டும் தயாராக விரித்து வைத்திருக்கும்.

தமிழில்? சில மொழிபெயர்ப்புகளில் 'மேல்மேசை' என்று பார்த்திருக்கிறேன். மாடியில் கிடக்கும் மேசையோ என்று தோன்றும். (மேசையே போர்த்துகீசியச் சொல்தான். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அதோடு கப்பலேறி வந்தவை. அதனால் அதை ஒதுக்க வேண்டியதில்லை.) பெட்டிக்கு மேசைக்கணினி, திரைக்குப் பணிமேடை என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் பக்கத்தில் மேடை என்றதும் கானாக் கச்சேரிதானே நினைவுக்கு வரும் என்பீர்கள். சமையல்மேடையும் மேடைதானே! 'டெஸ்க்டாப் என்விரான்மென்ட்' பணிமேடைச் சூழல் ஆகும்.

இப்படிப் பிரித்தால் குழப்பம் தீரும்: மடிக்கணினியிலும் பணிமேடை உண்டு, சர்வராக ஓடும் மேசைக்கணினியில் அது இல்லாமலும் இருக்கலாம்.